எபாக்சி ஊற்றிய ரயில் படுகையில் நடுவே 56 மைக்ரான் மேடு: தேய்க்கவா, ஷிம் வைக்கவா?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டு, ஒன்றரை வருடமாக ஒரு சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி பலகை வெட்டும் மெஷின்) செய்துகொண்டிருக்கிறேன். சட்டம் முழுக்க 100 × 100 × 6 எம்.எஸ். சதுரக் குழாய். நீளம் 1200, இரண்டு பீம்களுக்கும் இடைவெளி 800. 20 சைஸ் லீனியர் ரயில் (பிளாக் எனும் வண்டி பந்துகள் மேல் ஓடும் எஃகுத் தண்டவாளம்) வாங்கிவைத்து ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்னும் பேப்பர்கூடப் பிரிக்கவில்லை.

வெல்டிங் முடிந்து ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர்விளிம்புப் பட்டை) வைத்துப் பார்த்தபோது ஓரிடத்தில் 0.4 மிமீ ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) தாராளமாக உள்ளே போனது. சட்டமும் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. பிளானோ மில்லரில் (பெரிய பரப்பைச் செதுக்கிச் சமமாக்கும் மெஷின்) மேலே ஒரு கட் எடுத்துவிடலாம் என்று கோயம்புத்தூரில் இரண்டு இடங்களில் கேட்டேன். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு ஸ்பிண்டிலே வாங்கிவிடலாம். போதாக்குறைக்கு மாடியிலிருந்து அதை இறக்க நாலு ஆள் வேண்டும். அதனால் ரயில் உட்காரும் பரப்பில் எபாக்சி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றினேன்.

ஊற்றி எட்டு நாள் ஆயிற்று. ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.02 மிமீ சரிவு காட்டும் ரசமட்டம் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, 200 மிமீ கால் வைத்து, இடது பீமில் ஆறு தடவை நகர்த்திப் படித்தேன். கோடுகள் இப்படி:

+8, +5, +1, −1, −5, −8

200 மிமீக்கு ஒரு கோடு 4 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லியில் ஆயிரத்தில் ஒன்று). கூட்டிக்கொண்டே போனால் 32, 52, 56, 52, 32, 0. நடுவில் 56 மைக்ரான் மேடு! தானாக மட்டமாகும் என்றுதானே ஊற்றினேன்? வலது பீமில் 12 மைக்ரான்தான். இடது பக்கம் ஊற்றியதில் ஏதோ தப்பு செய்துவிட்டேன் போலிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவா, ஓரங்களில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத் தூக்கவா, மேலே இன்னொரு அடுக்கு ஊற்றவா?


பழைய_லேத் எழுதியது:

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. இரும்பு இரும்பின் மேல் உட்கார வேண்டும். பசை மேல் ரயிலை உட்காரவைத்து எந்த மெஷினும் நான் பார்த்ததில்லை. முப்பது வருடம் லேத் ஓட்டியவன் சொல்கிறேன், பித்தளை ஷிம் வாங்கி ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே வைத்துச் சரிசெய். முடிந்தது வேலை.


கால்_நூல் எழுதியது:

நான் மரவேலைக்காரன். எங்கள் ஊர் ஆசாரிகளுக்கு ஒரு நூல் என்றால் மூன்று மில்லி. 56 மைக்ரானுக்கு ஒரு இழை போடுகிற காலம் வந்துவிட்டதா! நீங்கள் வெட்டப்போவது பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் என்றால் அந்தப் பலகையே காலைக்கும் மாலைக்கும் அதைவிட அதிகமாக வளையும். ரயிலை மாட்டி ஓட்டுங்கள்.

ஷிம் பற்றி ஒரு வார்த்தை. நான் அதைச் செய்து நொந்தவன். போல்ட்டுக்குப் போல்ட் 60 மிமீ. ஷிம் இருக்கும் இடத்தில் ரயில் உட்காரும், நடுவில் காற்றில் நிற்கும். ஒரு போல்ட்டை இறுக்கினால் பக்கத்துப் போல்ட்டில் படித்த அளவு மாறும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் குளிர்பான டின்னை வெட்டி வைத்தேன், அது ஏறக்குறைய 0.1 மிமீ தடிமன். யாரிடமும் சொல்லாதீர்கள்.


குமிழி எழுதியது:

மொட்டைமாடி, எத்தனை மணிக்கு அளந்தீர்கள்? கொட்டகைக்குள் வெயில் எங்கே விழுகிறது?

இதற்குப் பதில் வரும் வரை உப்புத்தாளைத் தொடாதீர்கள்.


மொட்டைமாடி எழுதியது:

பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒரே ஒரு ஃபைபர் ஷீட் வைத்திருக்கிறேன். ஆமாம், அது இடது பீமுக்கு நேர் மேலேதான் இருக்கிறது. ஆனால் வெயில் சுள்ளென்று படவில்லை, மங்கலாகத்தான் விழுகிறது. பீமுக்கு ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறேன்.


குமிழி எழுதியது:

அந்த ஆறு எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 8, 5, 1, அப்புறம் அதே கண்ணாடிப் பிம்பமாக 1, 5, 8. வெல்டிங்கில் இழுத்த சட்டம் இத்தனை ஒழுங்காக வளையாது. எங்காவது ஒரு மூலையில் முண்டும், ஒரு ஜாயின்ட் பக்கத்தில் குழியும். எபாக்சி ஊற்றியதில் தப்பு நடந்தாலும் ஓரமாகத்தான் தெரியும். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் ஒரே சீராக இறங்கினால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் சூடுதான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். இரும்பு மீட்டருக்கு, டிகிரிக்கு, 12 மைக்ரான் நீளும். குழாயின் மேல் முகம் கீழ் முகத்தைவிடச் சூடானால் மேல்பக்கம் அதிகமாக நீளும், பீம் வில்லாக மேலே எழும்பும். எவ்வளவு எழும்பும் என்றால், அந்த 12 மைக்ரானை வெப்ப வேறுபாட்டாலும் நீளத்தின் வர்க்கத்தாலும் பெருக்கி, குழாய் உயரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் பீம் 1.2 மீட்டர், உயரம் 0.1 மீட்டர். வேறுபாடு 2.6 டிகிரி என்று வைத்தால் 12 × 2.6 × 1.44 ÷ 0.8. சரியாக 56.

மேல் முகத்துக்கும் கீழ் முகத்துக்கும் இரண்டரை டிகிரி வித்தியாசம் வர சுள்ளென்ற வெயில் தேவையில்லை. ஃபைபர் ஷீட் வழியாக வருகிற மங்கல் வெயிலே தாராளம்.

நாளை விடியற்காலை, சூரியன் வருவதற்கு முன்பு அளந்து பாருங்கள். ரசமட்டத்தை முந்தின இரவே பீம் மேல் வைத்துவிட்டு இறங்கிவிடுங்கள், அதுவும் பீமின் சூட்டுக்கு வரட்டும். கையால் பிடித்து நகர்த்தும்போது குழல் பக்கம் விரல் படக்கூடாது. நகர்த்தியபின் ஒரு நிமிடம் பொறுத்துப் படியுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நில்லுங்கள்; மாடித் தளத்தில் ஆள் இடம் மாறினாலே இந்த ரசமட்டத்தில் குமிழ் நகரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரசமட்டத்தை ஒரே இடத்தில் வைத்துப் படித்து, முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடி படியுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசத்தில் பாதி ரசமட்டத்தின் சொந்தப் பிழை. இரவல் வாங்கியது என்கிறீர்கள், எத்தனை கை மாறி வந்ததோ.


பழைய_லேத் எழுதியது:

இதை நான் யோசிக்கவில்லை. எங்கள் டூல் ரூமில் போர்மேன் சர்ஃபேஸ் பிளேட் (அளவெடுக்கும் சமதளப் பலகை) மேல் கை ஊன்ற விடமாட்டார். அழுக்குக்காகத்தான் திட்டுகிறார் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பசை விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.


மொட்டைமாடி எழுதியது:

காலை ஐந்தரைக்கு மாடி ஏறினேன். ரசமட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு கோடு சொந்தப் பிழை இருந்தது, கழித்துவிட்டேன். இடது பீம்:

+1, 0, +1, −1, 0, −1

கூட்டினால் 4, 4, 8, 4, 4, 0. எட்டு மைக்ரான்! பால்காரர் மணி அடிக்கும்வரை நம்பாமல் மூன்று தடவை படித்தேன். வலது பீமில் 8.

பகல் பதினொன்றுக்கு மறுபடி ஏறினேன். இடது பீமில் நடுவில் 44.


கால்_நூல் எழுதியது:

அற்புதம். ஆனால் ஒரு சந்தேகம். மெஷின் ஓடப்போவது விடியற்காலை ஐந்தரைக்கு இல்லையே? பகலில் அந்த 56 திரும்ப வரும். அப்போது எபாக்சி மட்டமாக இருந்து என்ன பயன்?


குமிழி எழுதியது:

சரியான கேள்வி. ஆனால் அது எபாக்சியைப் பார்த்துக் கேட்க வேண்டியது இல்லை, கூரையைப் பார்த்துக் கேட்க வேண்டியது. அந்தக் குழாய் மேலே அரைத்த இரும்பாக இருந்திருந்தாலும் பகலில் இதேபோலத்தான் எழும்பியிருக்கும். ஃபைபர் ஷீட்டை எடுத்துவிட்டு எல்இடி பட்டி போட்டால் தீர்ந்தது. படுகையைத் தேய்த்திருந்தால் நடுப்பகலுக்கு மட்டும் சரியாக இருக்கிற ஒரு மெஷின் கிடைத்திருக்கும்.


சும்மா_படிப்பவன் எழுதியது:

நானும் ஊற்றப்போகிறேன். நீங்கள் செய்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா அண்ணா? கையில் இருப்பது எல்ஒய் 556 ரெசின், எச்ஒய் 951 ஹார்டனர்.


மொட்டைமாடி எழுதியது:

முதலில் சட்டத்தையே ஓரளவு மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். மாடித் தளம் பார்வைக்குச் சமமாக இருக்கும், ஆனால் மழைத் தண்ணீர் ஓடக் கொத்தனார் வாட்டம் வைத்திருப்பாரே! சட்டத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 14 மிமீ வித்தியாசம் இருந்தது. அப்படியே ஊற்றியிருந்தால் ஒரு பக்கம் வழிந்து மறு பக்கம் இரும்பு தெரிந்திருக்கும். கால் போல்ட்டுகளைத் திருகி, அரை மில்லிக்குள் கொண்டுவந்த பிறகுதான் ஊற்றினேன்.

இரண்டு பீம்களின் மேலும் 50 மிமீ அகலத்துக்கு வாய்க்கால் கட்டினேன். ஓரத்துக்கு ஃபோம் டேப், வெளியே பிளைவுட் பட்டி. இரண்டு வாய்க்காலையும் ஒரு முனையில் இணைக்க, நடுவே தற்காலிகப் பாலம். கொத்தனார் டியூப் லெவல் பிடிப்பாரே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஒரே மட்டம் எடுக்க? இதுவும் அதே சங்கதிதான். பாலம் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே திரவம், ஒரே மட்டம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பீமும் தனித்தனியாக மட்டமாக இருக்கும், ஆனால் ஒன்று மற்றதைவிட உயர்ந்து நிற்கும். இறுகிய பிறகு பாலத்தை அறுத்துவிட்டேன்.

ரயில் அகலம் 20தான், ஏன் 50 என்று கேட்கலாம். எபாக்சி ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும், டம்ளர் தண்ணீர் ஓரத்தில் ஏறுகிற மாதிரி. ஐந்தாறு மில்லிக்கு வளைவு இருக்கும். ரயில் அந்த வளைவில் உட்காரக்கூடாது.

தடிமன் 6 மிமீ. பாலத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகும். இரண்டு பாகத்தையும் சமையல் தராசில் நிறுத்துக் கலந்தேன், கண்ணளவு வேலைக்கு ஆகாது. மெதுவாகக் கிண்டவும். அவசரமாகக் கிண்டினால் நுரைத்துவிடும். கலந்ததும் அகலமான தட்டுக்கு மாற்றி உடனே ஊற்றிவிட வேண்டும். மக்கில் மொத்தமாக ஒரு கிலோ நின்றால் தன் சூட்டிலேயே வெந்து கட்டியாகிவிடும். முதல் தடவை அப்படித்தான் ஒரு மக்கு புகைந்தது. வீட்டில் இன்னும் அதைப் பற்றிப் பேச்சு நிற்கவில்லை.

ஊற்றியது இரவு ஒன்பதரைக்கு. குமிழ்களுக்கு ஹீட் கன்னை ஒரு அடி தள்ளிப் பிடித்து ஒரே ஒரு வீச்சு. பக்கத்திலேயே பிடித்தால் மேல்தோல் மட்டும் முதலில் இறுகும். அப்புறம் கீழே இறங்கிவிட்டேன், விடியும்வரை யாரும் மாடி ஏறவில்லை. டேப் மூலையில் ஓரிடத்தில் கசிந்து தரையில் ஒரு பனங்கற்கண்டுக் கட்டி மாதிரி உறைந்திருந்தது, அவ்வளவுதான் சேதம்.

உங்கள் 951 பற்றி குமிழி அண்ணன் சொல்லட்டும்.


குமிழி எழுதியது:

951 நல்ல ஹார்டனர்தான். நூறுக்குப் பத்து எடை. ஆனால் இந்த வேலைக்குச் சீக்கிரம் இறுகும். எபாக்சிக்கு வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேலை நேரம் பாதியாகும் என்பது கைக்கணக்கு. நம் ஊர்ச் சூட்டில் அது இரண்டு பீமுக்கும் பாலம் வழியாக ஓடி மட்டம் பிடிப்பதற்குள் தடித்துவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனரும் தண்ணீர் மாதிரி ஓடும் ரெசினும் தேடுங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: எவ்வளவு நேரம் திரவமாக இருக்கும், எவ்வளவு இளகலாக இருக்கும்.

மொட்டைமாடி, இரண்டு பீமும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று இன்னும் பார்க்கவில்லை. ஒரு அலுமினியப் பட்டையைக் குறுக்கே போட்டு, அதன் நடுவில் ரசமட்டத்தை வைத்து, ஏழு இடங்களில் படியுங்கள். எண் பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. ஏழு இடங்களிலும் ஒரே எண் வர வேண்டும். பூமிக்கு மட்டமாக இருப்பது தையல் மெஷினுக்கும் தேவையில்லை, சிஎன்சிக்கும் தேவையில்லை. இரண்டு ரயிலும் ஒரே தளத்தில், முறுக்கில்லாமல் இருக்க வேண்டும். ரசமட்டம் அதற்கான ஒரு அளவுகோல்தான்.


மொட்டைமாடி எழுதியது:

குறுக்கே படித்தது: −1, −1, 0, −1, −1, −1, 0. 800க்கு ஒரு கோடு 16 மைக்ரான். ஆக முறுக்கு 16க்குள்.

இனி ரயிலைப் பிரிக்கலாம்தானே?


குமிழி எழுதியது:

பிரிக்கலாம். ஒன்று சொல்கிறேன், இதை எல்லோரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ரயில் தயாரிக்கும் ஹைவின் கம்பெனியின் காட்டலாக்கில் 20 சைஸுக்கு, லேசான ப்ரீலோட் (பந்துகளுக்கு முன்கூட்டியே தரும் இறுக்கம்) உள்ள பிளாக் என்றால், இரண்டு ரயிலுக்கும் 500 மிமீ இடைவெளியில் உயர வித்தியாசம் 130 மைக்ரான் வரை போகலாம். ஆனால் பக்கவாட்டில் இணையாக இருப்பதற்கு அனுமதி 25 மைக்ரான்தான். நாம் உயரத்துக்காக எபாக்சி, ரசமட்டம், விடியற்காலை என்று உயிரை விடுகிறோம். பிளாக் இறுகி நிற்பதும் பந்து தேய்வதும் பெரும்பாலும் பக்கவாட்டால்தான்.

முதல் ரயிலை ஸ்ட்ரெய்ட் எட்ஜோடு டயல் கேஜ் வைத்து அளந்து நேராக்குங்கள். எட்ஜையே நம்பாதீர்கள். ஒரு தடவை அளந்துவிட்டு, எட்ஜை மல்லாக்கத் திருப்பி, அளக்கும் விளிம்பு மறுபக்கம் பார்க்க வைத்து மறுபடி அளவெடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எட்ஜின் வளைவு எது, ரயிலின் வளைவு எது என்று பிரிந்துவிடும். கையில் நேரான எதுவுமே இல்லாதவன் நேரான ஒன்றைச் செய்வது இப்படியான தந்திரங்களால்தான். 1840இல் விட்வொர்த் மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றிச் சுரண்டி சமதளம் எடுக்கும் முறையை விளக்கியதும் இதே புத்திதான். இரண்டு தட்டு மட்டும் என்றால் ஒன்று கிண்ணமாகவும் மற்றது அதில் பொருந்தும் மேடாகவும் ஆகிவிடும். மூன்றாவது வந்தால் அந்த ஏமாற்று செல்லாது.

இரண்டாவது ரயிலை அளக்காதீர்கள். கேன்ட்ரியை (இரண்டு ரயில் மேலும் ஓடும் குறுக்குச் சட்டம்) மாட்டி, போல்ட்டை லேசாக விட்டு, கேன்ட்ரியை நகர்த்திக்கொண்டே அது நிற்கும் இடத்தில் ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.


பழைய_லேத் எழுதியது:

இப்போது பசைக்கு வருகிறேன். தம்பி, எம் 5 ஆலன் போல்ட்டை எவ்வளவு இறுக்கப்போகிறாய்? கையால் இறுக்கினால் ஒன்று இரும்பாக இருக்கும், அடுத்தது தளர்வாக இருக்கும். இரும்பு என்றால் பரவாயில்லை. பசை அமுங்கும்.


குமிழி எழுதியது:

இதில் பழைய லேத் சொல்வது முழுக்கச் சரி. இரும்புக்கு எம் 5க்கு 8.8 நியூட்டன் மீட்டர் என்று காட்டலாக்கில் இருக்கும். அந்த இறுக்கத்துக்கு ஒரு போல்ட் கிட்டத்தட்ட 8 முதல் 9 கிலோநியூட்டன் இழுக்கும். எபாக்சி இரும்பைவிட அறுபது எழுபது மடங்கு மெத்து. 6 மிமீ தடிமனில் போல்ட்டுக்குக் கீழே 15 முதல் 30 மைக்ரான் அமுங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு அமுங்கினால் கெடுதல் இல்லை. ஒரு போல்ட் முழு இறுக்கம், அடுத்தது அரை இறுக்கம் என்றால், விடியற்காலையில் கிடைத்த அந்த எட்டு மைக்ரான் காற்றோடு போய்விடும்.

அலுமினியத்துக்குச் சொன்ன 4.4 போதும். டார்க் ரெஞ்ச் இரவல் வாங்குங்கள். போல்ட்டுக்கான மரை இரும்பில்தான் இருக்க வேண்டும், எபாக்சியில் மரை போடாதீர்கள்.


மொட்டைமாடி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

ஃபைபர் ஷீட்டைக் கழற்றித் தகரம் போட்டாயிற்று. எல்இடியில் வேலை பார்க்கக் கண்ணுக்குக் கொஞ்சம் சிரமம்தான். முதல் ரயில் பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் 18 மைக்ரான். நண்பர் எட்ஜில் 10 மைக்ரான் வளைவு இருந்தது திருப்பிப் போட்டபோது தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. இரண்டாவது ரயிலுக்குக் குமிழி அண்ணன் சொன்னபடியே கேன்ட்ரியை வைத்தே இறுக்கினேன். ஒரு விரலால் தள்ளினால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகிறது. முதலில் மாட்டியபோது ஒரு முனையில் மூச்சுப் பிடித்த மாதிரி கனத்தது, இப்போது இல்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே இறுக்கினேன், எல்லாம் 4.4.


பழைய_லேத் எழுதியது:

ஒரு மாதம் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் ஒரு தடவை பார். அப்போது பேசலாம்.


மொட்டைமாடி எழுதியது:

பார்த்துவிட்டேன். ரயிலுக்கு 20, மொத்தம் 40 போல்ட். அதே 4.4க்கு வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். முப்பத்துநாலு அசையவில்லை. மீதி ஆறு போல்ட்டும் கால் சுற்றுக்குக் குறைவாகத் திரும்பின. அதில் நாலு இடது பீமில், முன்பு ஃபைபர் ஷீட் இருந்த இடத்துக்கு நேர் கீழே. எட்டு நாள் பகல் சூடு வாங்கிய எபாக்சி அங்கேதான்; சூட்டில் இளகியதா, நான் முதலில் சரியாக இறுக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இறுக்கிவிட்டு மறுநாள் ஐந்தரைக்கு ரயில் மேல் ரசமட்டத்தை வைத்துப் படித்தேன். 12 மைக்ரான்.


பழைய_லேத் எழுதியது:

இன்னொரு மாதம் கழித்தும் பார். ஊற்றும்போது மீந்த ரெசின் இருந்தால் சொல், என் பழைய டிரில்லிங் மெஷின் மேஜை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது.